அசலும் பாக்கியும்

சென்ற ஷஅபான் மாதத்தில், முன்னாளில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். சிதம்பரத்தில் கைலியும் துண்டும் விற்கும் ஒரு சிறு கடை அவருக்கு உண்டு. கையோடு கொணர்ந்த பேரேட்டை என்முன் விரித்து வைத்தார்.

"ஹஜ்ரத், பதினான்கு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். கடையிலுள்ள சரக்கில் எனக்கே சொந்தமானது எவ்வளவு என்று ஐந்தொகை எடுத்துப் பார்த்தேன். நாலில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மற்றவையெல்லாம் மொத்த வியாபாரியின் சரக்கு, அல்லது வட்டிக்காரரின் பணம். மேலும் கடன் வாங்கிக் கடையை விரிப்பதா, இருப்பதைக்கொண்டு முடங்கிக் கிடப்பதா? தாங்கள்தாம் வழி சொல்ல வேண்டும்" என்றார்.

வட்டி ஹராம் என்று ஒரே வரியில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். அதை அவரும் அறிவார், என்னிடம் ஓதியவர்தாமே! அவர் வேண்டி வந்தது வழி. வழியை உடனே சொல்ல எனக்கு இயலவில்லை. சிந்தித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர் சென்ற பின்னரும் அந்தப் பேரேட்டுச் சொற்கள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அசல், பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி, மாமூல். நம் கடைவீதிகளில் நாள்தோறும் வழங்கும் இச்சொற்கள் யாவும் அரபு மொழியில் வேர்கொண்டவை. ‘அஸ்ல்’ என்பதற்கே வேர் என்பது பொருள். ‘பாகீ’ என்பது எஞ்சி நிற்பது, ‘வுஸூல்’ வந்து சேர்தல், ‘ளாமின்’ பொறுப்பேற்பவர், ‘ளப்து’ பற்றிக்கொள்ளுதல், ‘மஃமூல்’ வழக்கமாகச் செய்யப்பட்டு வருவது. இவற்றுட் பல, அரசாங்க வருவாய்க் கச்சேரிகளின் வழியே தமிழுக்குள் புகுந்தவை. வணிகனின் முதலைக் குறிக்க ஒரு சொல் இருக்க, அவனிடமிருந்து பெறுவதையும் பறிப்பதையும் குறிக்கப் பல சொற்கள் இருப்பது அதனாலேயே போலும்.

நம் கடற்கரைச் சிறுவணிகர் எதை நாடினர், எது அவர்களைத் தடுத்தது என்பதை இச்சொற்களைக் கொண்டே ஒருவாறு விளக்கிவிடலாம். மாணவருக்கு அன்று கூறாத விடையை அவ்வரலாற்றில் தேடிப் பார்க்க விழைகிறேன்.

சிறு மூட்டைகளின் கடல்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. ஐரோப்பியர் அதைப் ‘போர்ட்டோ நோவோ’ என்றனர். புதுத்துறை என்பது அதன் பொருள். முஸ்லிம்கள் ‘மஹ்மூது பந்தர்’ என்றனர். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் டேனியரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்து வணிகம் செய்த துறை அது. பரங்கிப்பேட்டை வராகன் என்று ஒரு பொற்காசே வழங்கியது என்றால் அவ்வூரின் வணிகப் பெருமையை உய்த்துணரலாம். வள்ளல் சீதக்காதிக்குப் பின் உமறுப் புலவரைப் புரந்து, சீறாப்புராணம் உருப்பெறத் துணைநின்ற அபுல் காசிம் மரைக்காயர் இவ்வூரினரே. தமிழிலக்கியம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளது.

மரைக்காயர் என்றதும் பெருங்கப்பல் உடையோரையே நாம் நினைக்கிறோம். அவர்களைப் பற்றிய செய்திகளே ஏடுகளில் மிகுதி. ஆனால் கப்பலில் சென்ற சரக்கு முழுவதும் கப்பல் உடையவருடையது அன்று. இரண்டு மூன்று கட்டுத் துணியோடு கப்பலில் இடம் பெற்று, தாமே உடன் சென்று, துறைதோறும் விற்றுத் திரும்பிய சிறுவணிகர் பலர் இருந்தனர். கப்பலை ஆள்பவர் நகுதா. வழியறிந்து செலுத்துபவர் மாலுமி. ‘முஅல்லிம்’, அதாவது கற்பிப்பவர், என்னும் அரபுச் சொல்லே தமிழில் மாலுமி ஆயிற்று. அச்சே, மலாக்கா, கெடா, பெகு முதலிய துறைகளுக்கு நம் பகுதித் துணி சென்றது. வெள்ளீயமும் மிளகும் பாக்கும், சில வேளை யானைகளும் அங்கிருந்து வந்தன.

அச்சிறுவணிகரின் நோக்கம் யாது? அதற்கு அயலார் ஒருவரின் சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 1786இல் பினாங்குத் தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் என்பார், 1794இல் எழுதிய அறிக்கையில் அங்குள்ள சூலியர்களைக் குறிப்பிடுகிறார். தமிழகக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களை அந்நாட்டார் அப்பெயரால் அழைத்தனர். ஏறத்தாழ 1,000 பேர் அங்கே நிலைத்திருந்தனர் என்றும், அவர்கள் கடைக்காரரும் கூலியாட்களும் ஆவர் என்றும், அவர்களையன்றி ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வந்து, வணிகத்தாலும் பலவகை வேலைகளாலும் சில வெள்ளிகள் ஈட்டிக்கொண்டு ஊர் திரும்ப, அவர்களுடைய இடத்துக்கு வேறு சிலர் வந்தனர் என்றும் அவர் எழுதுகிறார்.

சில வெள்ளிகள்! அதற்காகவே அவர்கள் வங்கக் கடலைக் கடந்தனர். அச்சில வெள்ளிகளில் ஒரு மகளின் நிக்காஹும், ஒரு வீட்டின் கூரையும், அடுத்த பயணத்துக்குரிய இரண்டு கட்டுத் துணியும் அடங்கியிருக்கும். தன் முதல் தன்னுடையதாக இருக்க வேண்டும், சொன்ன சொல் தவறாமல் இருக்க வேண்டும், ஊருக்குத் திரும்பி வர வேண்டும். சிறுவணிகனின் குறிக்கோள் அன்றும் இவ்வளவே. இன்றும் பெரிதும் இவ்வளவே.

பெருநிலை அடைந்தாரும் இலர் அல்லர். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் முகைதீன் மரைக்காயர் பினாங்கில் தம் சமூகத்தின் ‘கப்பித்தான்’ ஆனார். 1801ஐ ஒட்டி அவர் முன்னின்று நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்நகரில் விளங்குகிறது. ஆயினும் ஒரு காதர் முகைதீன் எழுந்த இடத்தில், சில வெள்ளிகளோடு திரும்பியோர் ஆயிரமாயிரவர். பெயர் எழுதப்படாத அவர்களுடைய வரலாறே ஈண்டு நம் கருத்து.

முன்பணம் என்னும் கயிறு

துணி இன்றேல் கப்பல் இல்லை. தறி இன்றேல் துணி இல்லை. ஆகவே கடலூர்ப் பக்கத்துத் தறிகளை நோக்கிச் செல்வோம்.

ஆங்கிலக் கம்பெனியார் 1690இல் கடலூரில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக்குண்டு விழும் எல்லை வரையுள்ள ஊர்களும் அவ்விலையில் அடங்கும் என்பது உடன்பாடு. குண்டுச் சாலை, குண்டு உப்பலவாடி என்னும் பெயர்கள் அதற்குச் சான்றாக வழங்கி வருகின்றன. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இக்கரை முழுவதற்கும் கம்பெனியின் தலைமையிடமாகச் சில ஆண்டுகள் திகழ்ந்தது இக்கோட்டையே. கம்பெனியார் இங்கு நாடி வந்தது பெரிதும் துணி.

துணி வாங்கும் முறை முன்பண முறை. நூல் வாங்கவும், நெய்து முடியும் வரை உண்ணவும் நெசவாளனுக்குப் பணம் வேண்டும். அதை வணிகர் வழியாகக் கம்பெனி முன்கூட்டியே கொடுக்கும். துணி முடிந்ததும் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும், ஒவ்வாதது கழிக்கப்படும். கழிவின் நட்டம் கம்பெனியைச் சாராது; இடையில் நின்ற வணிகனையோ நெசவாளனையோ சாரும்.

இம்முறையில் நெசவாளனுக்குப் பழைய வழக்கம் ஒன்று காவலாய் நின்றது. வேறொருவர் மிகுதியான விலை தருவதாயின், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். வாங்க வருவோர் பலராய் இருந்த காலத்தில் இவ்வுரிமையே அவனுடைய வலிமை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்டியாளர் ஒடுங்கி, கம்பெனியார் நாட்டையே ஆளத் தொடங்கியபோது, அக்கதவு சிறிது சிறிதாக அடைபட்டது. வாங்குபவரே அரசரும் ஆயினர். பணம் கொடுத்தவரே நீதிபதியும் ஆயினர். அதன் பின்னர் முன்பணம் உதவியாக இல்லாமல் கயிறாக மாறியது.

வணிகரின் நிலையும் இதனின் வேறுபட்டதன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரை வணிகரைப் பங்குக் கழகங்களாகச் சேர்த்தனர். பலர் முதலிட்டு ஒன்றுகூடும் இவ்வேற்பாடு பார்வைக்கு நன்றே. கம்பெனியார் அதில் கண்ட பெருநலமோ வேறு. ஒருவன் பட்ட கடனை மற்றவரிடம் வசூலிக்கலாம் என்பதே அது. பங்கு என்னும் பெயரில் ஜாமீன் வந்து சேர்ந்தது.

இவற்றோடு போர்களும் கூடின. 1758இல் பிரெஞ்சுக்காரர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கைப்பற்றி இடித்தனர். 1780இல் ஹைதர் அலியின் மகன் கரீமின் படை பரங்கிப்பேட்டையைக் கொள்ளையிட்டது. 1781 ஜூலை முதல் நாளன்று அவ்வூரின் அருகே ஹைதருக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. 1783இல் கடலூர் முற்றுகைக்கு உள்ளாயிற்று. வரலாற்று நூல்கள் வெற்றி தோல்விகளைக் கூறும். கடையைப் பூட்டிவிட்டு ஓடியவன் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது கண்டதைக் கூறுவதில்லை. சரக்கு போயிருக்கும், பாக்கி மட்டும் எஞ்சியிருக்கும்.

மொஹ்தர்பா

அமைதி திரும்பிய பின்னராவது சிறு தொழிலாளர் தழைத்தனரா? அங்கேதான் மற்றோர் அரபுச் சொல் எதிர்ப்படுகிறது. ‘ஹிர்ஃபத்’ என்றால் கைத்தொழில். அதன் வழிவந்த ‘மொஹ்தர்பா’ என்னும் பெயரில் சென்னை மாகாணத்தில் ஒரு வரி வாங்கப்பட்டது. நெசவாளர், தச்சர், உலோக வேலை செய்வோர், கடைக்காரர், கடையின்றித் தெருவோரம் அமர்ந்து விற்போர் ஆகிய அனைவர் மீதும் அது விழுந்தது. சிலரிடம் கருவிக்கு வரி. சிலரிடம் விற்பனை உரிமைக்கு வரி. 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் நிறுவிய சென்னை சுதேசிகள் சங்கம் ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கு விடுத்த விண்ணப்பத்தில் இக்கொடுமையை எடுத்துரைத்தது. எளிய கருவியின் விலையைப் போல் ஆறு மடங்குக்கு மேலும் இவ்வரி அமைவதுண்டு என்று அது முறையிட்டது. ஊர்விட்டு ஊர் செல்லும் சரக்குக்கு வழிநெடுக வாங்கப்பட்ட சாயர் சுங்கம் 1844இல்தான் நீங்கியது. மொஹ்தர்பா நீங்க 1860ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் பரங்கிப்பேட்டையில் நடந்த வேறொரு நிகழ்ச்சியையும் உடன்வைத்துப் பார்த்தல் தகும். கம்பெனி ஊழியத்திலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் 1830இல் அங்கே பெரிய இரும்பு ஆலை ஒன்றை நிறுவினார். சேலத்து இரும்புக் கனியை மரக்கரி கொண்டு உருக்குவது திட்டம். கம்பெனி அரசு அவருக்குக் கடன்மேல் கடன் கொடுத்தது. கரியின் பற்றாக்குறையும் போக்குவரத்தின் அருமையும் முதலின் போதாமையும் அவரை வருத்தின. அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். எஃகு செய்வதில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர். ஆயினும் அதன் பயன் பிறருக்கே போயிற்று. 1851இல் வறியவராகவே மறைந்தார். அவருடைய ஆலையும் நாளடைவில் அழிந்தது.

ஹீத்தின் முடிவுக்கு இரங்குகிறோம். ஆனால் ஒன்று சிந்திக்கத்தக்கது. பெருந்தொழில் தொடங்கிய ஒருவர்க்குப் பொதுப் பணத்திலிருந்து கடன் வழங்கிய அதே அரசு, அதே ஊரில் கொல்லனின் சம்மட்டிக்கும் நெசவாளனின் தறிக்கும் வரி வாங்கிக்கொண்டிருந்தது. பெரியவன் தோற்கவும் அரசு துணைநின்றது. சிறியவன் வெல்வதற்கு முன்னரே அவனிடம் பங்கு கேட்டது.

பங்கா, கடனா?

அந்நாள் போயிற்று. 1895இல் வெளிவந்த பிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை, எளியோர் தாமே கூடிப் பணம் சேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் ஜெர்மானிய முறையை இம்மாகாணத்துக்குப் பரிந்துரைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. 1969இல் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தெருவோர வணிகர்க்கு 2014இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஈடு கேளாமல், தொடக்கத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை கடன் தந்த முத்ரா திட்டம் 2015இல் தொடங்கிற்று. மொஹ்தர்பாக் காலத்தோடு ஒப்பிடின் இவை பெரும் பேறுகள், மறுப்பார் இலர்.

எனினும் இவ்வளவுக்கும் அடியில் ஒன்று மாறாமலே இருக்கிறது. கடன் எந்த வாயிலாக வந்தாலும் நட்டம் முழுவதும் வாங்கியவன் தலையில். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிப் பண்ணுருட்டி முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2015இல் பெருவெள்ளம் வந்தது. புயலுக்குக் கடையும் தெரியாது, கணக்கும் தெரியாது. ஆனால் கடன் ஏட்டில் ஓர் எழுத்தும் நனைவதில்லை. தவணை ஒத்திவைக்கப்படலாம்; அசல் அங்கேயே நிற்கும், வட்டி வளரும்.

நம் மதரஸாக்களில் ஆண்டுதோறும் ஒரு பாடம் நடத்துகிறோம். ஹனஃபீ நூல்களில் அதன் பெயர் முளாரபா. இக்கரை மரைக்காயர் பின்பற்றும் ஷாஃபிஈ நூல்களில் கிராள். ஒருவர் முதல் கொடுப்பார், மற்றவர் உழைப்பார். இலாபத்தை இன்ன விகிதம் என்று முன்னரே பேசிக்கொள்வர். இவ்வளவு தொகை என்று அறுதியிடலாகாது. உழைப்பவரின் தவறின்றி நட்டம் நேர்ந்தால் முதலிட்டவருக்குப் பணம் போயிற்று, உழைத்தவருக்கு உழைப்புப் போயிற்று. முதல் நாணயமாக இருத்தல் வேண்டும், சரக்காக இருத்தலாகாது என்பதும் ஷாஃபிஈகளின் விதி. தன்னிடம் விலைபோகாத சரக்கைச் சிறியவன் தலையில் கட்டிவிட்டுப் பங்கு என்று பேர் சூட்ட இடமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னர், கதீஜா பிராட்டியார் (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு ஷாம் நாட்டுக்கு வணிகம் சென்றதை நாம் அனைவரும் அறிவோம். சீறாப்புராணமும் அப்பயணத்தை விரித்துப் பாடுகிறது. இடைக்கால இத்தாலிய வணிகரிடமும் இதையொத்த முறை ஓங்கியிருந்தது.

இவ்வளவு சிறந்த முறை நம் கடைவீதியில் ஏன் காணப்படவில்லை? குற்றத்தைப் பிறர்மீது சுமத்த நான் துணியேன். முதற்குற்றம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது. வட்டி விலக்கப்பட்டது என்பதை மிம்பரில் நின்று ஓங்கி உரைத்தோம். கிராளை மட்டும் தேர்வுக்குரிய பாடமாக நிறுத்திக்கொண்டோம். அடுத்த குற்றம் செல்வர்களுடையது. விருந்துக்கும் வளைவுக்கும் வாரி வழங்குவோர், அண்டைவீட்டு வாலிபனின் கடையில் பங்காளியாகத் தயங்குகின்றனர். ஈகையில் பணம் போனால் நன்மை உண்டு. வணிகத்தில் போனால் ஏமாளி என்பார்களே என்று அஞ்சுகின்றனர். மூன்றாவது குற்றம் சிறுவணிகருடையது. இலாபத்தை மறைத்துக் கணக்கு எழுதும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. திறந்து காட்டாத பேரேட்டை நம்பி எவர் பங்கு சேர்வார்? அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அதை ஓதும் நாம் எழுதுவதை அவமதிப்பாகக் கருதுகிறோம்!

வரலாற்றிலிருந்து நான் அறிந்தது இதுவே. இக்கரைச் சிறுவணிகரைக் கடல் தடுக்கவில்லை, துணிவின்மையும் தடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்து விலகவியலாத பிறர் பணமும், நட்டத்தில் பங்கு கொள்ளாத பிறர் பணமுமே அவர்களைத் தடுத்தன. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருந்த நாள்வரை நெசவாளன் நிமிர்ந்து நின்றான் என்பதை மறத்தலாகாது.

இரண்டு வாரங்களுக்குப் பின் மாணவரை வரவழைத்தேன். கடையை இப்போது விரிக்க வேண்டாம் என்றும், வட்டிக் கடனை முதலில் அடைக்கும் வழியைத் தேடுமாறும் கூறினேன். பிறகு அவருடைய மஹல்லாவைச் சேர்ந்த வசதியுள்ள இருவரை அழைத்து உட்காரவைத்து, கிராள் முறையை விளக்கினேன். ஒருவர் யோசித்துச் சொல்வதாக எழுந்து போனார். மற்றவர் மாணவரை நோக்கி, "தம்பி, மாதாமாதம் கணக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். மாணவர் ஒன்றும் பேசாமல் பேரேட்டை அவர்பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் அதை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார்.

ஓராண்டுக்கென்று ஒரு சிறு தொகைக்கு எழுத்து முடிந்தது. சாட்சியாக நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். வருகின்ற ஷஅபானில் கணக்குப் பார்க்க வேண்டும். இலாபமோ நட்டமோ அல்லாஹ்வே அறிவான். எதுவாயினும், அவ்வேட்டில் இம்முறை இருவர் பெயர் இருக்கும்.